சீரியல் வீட்டில் யாரும் யாரையும் மன்னிப்பதில்லை, ஏன்?

நாசரேத் வாசகன்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீரியல் பற்றி நம் சபைகளில் பேச்சு எழுந்தால் வரும் புகார்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கள்ளத்தொடர்பைக் காட்டுகிறார்கள், பில்லி சூனியத்தைக் காட்டுகிறார்கள், எட்டு மணி ஆனால் குடும்ப ஜெபம் தள்ளிப்போகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் குடும்பத்தில் நடக்கும் கெட்டதைக் காட்டுவதே குற்றம் என்றால், முதலில் ஆதியாகமத்தை அல்லவா மூடிவைக்க வேண்டும்? காயீன் தம்பியைக் கொல்கிறான். யாக்கோபு கண் தெரியாத தகப்பனை ஏமாற்றுகிறான். லேயாளும் ராகேலும் ஒரே புருஷனுக்காகத் தூதாயீம் கனிகளை வைத்துப் பேரம் பேசுகிறார்கள். தாவீதின் வீட்டில் அம்னோன் தாமாருக்குச் செய்ததையும் அதற்கு அப்சலோம் பழிவாங்கியதையும் எந்தச் சேனலும் பிரைம் டைமில் காட்டத் துணியாது. வேதம் குடும்பத்தை மெழுகிக் காட்டியதே இல்லை.

என் ஆதங்கம் வேறு. சீரியல் வீட்டில் பகை முடிவதில்லை. தூர்தர்ஷன் காலத்தில் வாரம் ஒருமுறை, பதின்மூன்று வாரத்தில் கதை முடிந்துவிடும். இப்போது வாரத்தில் ஐந்தாறு நாள், வருடக்கணக்கில் ஓடுகிறது. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1500 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. அபியும் ஆதியும் ஒரே தகப்பனின் பிள்ளைகள், தாய் வேறு. யாக்கோபின் வீடும் அதே மாதிரிதான். அங்கே வேறு தாயின் பிள்ளைகள் யோசேப்பைக் குழியில் தள்ளி விற்றார்கள்.

யோசேப்பின் கதையில் எனக்குப் பிடித்தது அதன் கால அளவு. கதை தொடங்கும்போது அவனுக்குப் பதினேழு வயது. எகிப்து ராஜாவான பார்வோன் முன் நிற்கும்போது முப்பது. செழிப்பான வருஷங்கள் ஏழு போய், பஞ்சத்தின் இரண்டாம் வருஷத்தில்தான், தானியம் வாங்க எகிப்துக்கு வந்த அண்ணன்மாரிடம் "நான் யோசேப்பு" என்கிறான். ஆக 22 வருஷம். அதிலும் கண்டவுடன் கட்டிப்பிடிக்கவில்லை. தன்னை மறைக்கிறான், சிமியோனைப் பிடித்துவைக்கிறான், பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கச் சொல்கிறான். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன் யூதா முன்வந்த பிறகுதான் யோசேப்பால் அடக்க முடியாமல் போகிறது. அப்புறம் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து இறக்கிறார். அப்பா போனதும் அண்ணன்மாருக்குப் பயம் வந்துவிடுகிறது, இனி இவன் பழிவாங்குவானோ என்று. 17 வருஷம் அவன் தந்த சோற்றைச் சாப்பிட்ட பிறகும் அந்த மன்னிப்பை அவர்களால் நம்ப முடியவில்லை. இதைவிடப் பெரிய குடும்பக் கதை வேறு என்ன வேண்டும்?

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று வேதத்தில் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறது. நம் வீடுகளிலோ சூரியன் அஸ்தமித்த பிறகுதான் எரிச்சல் கூடத்துக்கே வந்து உட்காருகிறது. வருடக்கணக்கில் தினமும் இதைப் பார்க்கும் மனதுக்குக் குடும்பம் என்றாலே இப்படித்தான் என்று தோன்றிவிடாதா? மாமியாரும் மருமகளும் ஒரு வார்த்தை பேசித் தீர்க்கக்கூடியதை மாதக்கணக்கில் நெஞ்சில் வைத்துக்கொள்வது இயல்பு என்று?

என் கேள்வி இதுதான். எந்த மொழியிலாவது, எந்த நாட்டிலாவது, ஒரு குடும்பம் உடைந்து சேர்வதை டிவியில் உண்மையாகக் காட்டியிருக்கிறார்களா? எங்கே?

சாலேம் வாசி:

பிரைஸ் த லார்ட் பிரதர். எங்கள் வீட்டில் டிவியே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து வாங்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. நீங்கள் தேடுவதை உலகத்தாரிடம் எதற்குத் தேடுகிறீர்கள்? அணைத்துவிட்டு வேதத்தை எடுங்கள், யோசேப்பு அங்கேயே இருக்கிறார்.

கல்லூரிச் சாலை:

அங்கிள், டிவி இல்லாத வீட்டிலும் ஃபோன் இருக்கிறது. என் ஹாஸ்டலில் யாரும் டிவி பார்ப்பதில்லை. ஆனால் அதே சீரியலின் மூன்று நிமிடத் துண்டுகளை, அதுவும் அறைகிற காட்சியாக வெட்டிப்போட்டதை, சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறோம். முழு எபிசோடில் அறைக்கு முன்னால் ஒரு காரணமாவது இருக்கும். துண்டில் அறை மட்டும்தான்.

குமரி மல்லி:

நாசரேத் அண்ணன் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பாதியில் ஒத்துப்போகிறேன், பாதியில் எனக்குக் கடுமையான மறுப்பு இருக்கிறது.

நான் குடும்ப வழக்குகள் நடத்தும் வக்கீல். எங்கள் மாவட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களில் சீதனப் பேச்சு எந்த அளவுக்கு நடக்கும் என்பது இங்கே பலருக்குத் தெரியும். பவுன் கணக்கைப் பேசி முடித்த பிறகு ஜெபத்தோடு எழுந்திருப்போம். அந்தப் பெண் ஆறு மாதத்தில் அழுதுகொண்டு தாய்வீட்டுக்கு வந்தால் சபை முதலில் சொல்வது என்ன? மன்னித்துவிடு, பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு. மாமியாரிடம் போய் யாரும் எபேசியரை வாசிப்பதில்லை. அடித்த கணவனை முன்னால் நிறுத்தி மனந்திரும்பு என்று சொல்வதும் அபூர்வம். மன்னிக்கும் வேலை எப்போதும் மருமகளுடையது.

சட்டமே ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் நடத்தை தவறு என்று நிரூபித்தாலே போதும். மனைவிக்கு அது போதாது. கணவனின் நடத்தைத் தவறோடு கொடுமையோ, இரண்டு வருஷம் கைவிட்டதோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். கொடுமையை மட்டும் காரணமாகக் காட்டி அவள் விடுதலை கேட்க வழி வந்தது 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான். அதே காலத்தில்தான் இந்த நெடுந்தொடர்கள் வீட்டுக்குள் வந்தன. ‘மெட்டி ஒலி’யில் தாயில்லாத ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த அப்பா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தலைகுனிந்து நின்றதைப் பார்த்து, எங்கள் தெருவில் பல அம்மாக்கள் முதல் தடவையாக "இது தப்பு" என்று வாய்விட்டுச் சொன்னார்கள். நீங்கள் சொன்ன ‘கோலங்கள்’ அபி கட்டிட வேலை எடுத்துச் சொந்தக்காலில் நின்றாள். சபையில் யாரும் அப்படி ஒரு பெண்ணை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொன்னதில்லை.

யோசேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் கிடந்தபோது அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, மன்னிக்கவும் சொல்லவில்லை. அவன் மன்னித்தது எகிப்து முழுவதற்கும் அதிகாரியாக இருந்தபோது. அதுவும் அண்ணன்மார் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்த பிறகு. இந்த வரிசையை விட்டுவிட்டு மன்னிப்பை மட்டும் சீரியலில் வைத்தால், அடிவாங்குகிற பெண்களுக்கு இன்னொரு பிரசங்கம்தான் கிடைக்கும்.

நாசரேத் வாசகன்:

மல்லி சகோதரி, இதைத்தான் யாராவது எழுத வேண்டும் என்று எதிர்பார்த்தேன். யோசேப்பு அதிகாரத்தில் இருந்து மன்னித்தான் என்பது மிக முக்கியமான இடம். அதிகாரம் மட்டும் இல்லை, அண்ணன்மார் தங்களுக்குள் "நம் சகோதரன் கெஞ்சியபோது கேட்காமல் போனோமே" என்று பேசிக்கொள்வதை அவனே காதால் கேட்கிறான். துபாஷி வைத்துப் பேசியதால் அவனுக்கு மொழி தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டுவிட்டு அப்புறம் போய் அழுகிறான். செய்த தப்பைச் செய்தவர்களே வாயால் சொல்லும் இந்தக் காட்சி இல்லாமல் மன்னிப்பு இல்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொடுமையை அம்பலப்படுத்தும் எபிசோட் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. கொடுமை செய்தவர் தன் தப்பை உணரும் எபிசோட் எத்தனை? அந்த மாமியார் ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து, தான் மருமகளாக வந்த நாளை நினைத்துப் பார்ப்பது போல ஒரு காட்சி? கெட்டவர்கள் கடைசி வாரத்தில் ஜெயிலுக்குப் போகிறார்கள், இல்லையென்றால் விபத்தில் சாகிறார்கள். மனந்திரும்புவதற்கு அவர்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை. கிறிஸ்தவனாக எனக்கு அதுதான் வலிக்கிறது.

முத்துக்குளித்துறை:

இயேசுவுக்குப் புகழ். நான் கத்தோலிக்கன், வயதானவன், தட்டச்சு மெதுவாகத்தான் வரும்.

தொலைக்காட்சிக்கு எங்கள் திருச்சபையில் ஒரு பாதுகாவலி உண்டு என்பது இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அசிசி நகர் புனித கிளாரா. நோயில் படுத்துக் கிறிஸ்து பிறப்புப் பூசைக்குப் போக முடியாமல் இருந்தபோது, அந்தப் பூசையைத் தம் அறையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது வரலாறு. அதனால் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். பெட்டியைப் பிசாசு என்று எங்கள் திருச்சபை சொன்னதில்லை. அதே நேரம் 1994ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியைத் தொலைக்காட்சியும் குடும்பமும் என்ற பொருளிலேயே இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். பிள்ளைகளைப் பழக்குவது என்றால் சில நேரம் வெறுமனே அணைத்துவிடுவதுதான் என்று அதில் இருக்கிறது. சாலேம் சகோதரர் சொன்னதற்கு அது பக்கத்தில் வருகிறது, ஆனால் முழுவதும் அது அல்ல. பெற்றோர் கூட உட்கார்ந்து பார்த்து, பார்த்ததைப் பேச வேண்டும் என்பதும் அந்தச் செய்தியில் உண்டு.

தம்பி காட்டிய எபேசியர் வசனத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பங்களுக்கு 2016இல் எழுதிய மடலில் எடுத்துக்கொண்டு, வீட்டில் சமாதானம் ஆகாமல் ஒரு நாளையும் முடிக்காதீர்கள் என்றார். எங்கள் கரையில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. இரவு செபமாலை முடிந்ததும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குத் தோத்திரம் சொல்லி, நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு படுக்கப் போவார்கள். பகலில் அடி வாங்கிய பிள்ளையும் அதே கையிடம்தான் வரவேண்டும். அடித்த கைக்கும் அது எளிதாக இருக்காது. இப்போது செபமாலை நேரத்தில் பக்கத்து வீட்டுச் சீரியல் பாட்டு கேட்கிறது. பல வீடுகளில் சொந்த வீட்டுச் சீரியல் பாட்டே கேட்கிறது.

இளவாலை, ஈஸ்ட்ஹாம்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, லண்டனில் இருக்கிறேன். நாசரேத்காரர் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

பிபிசியில் 1985 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு ஆங்கிலம் பழக்கியதில் அதற்கும் பங்கு உண்டு. அதில் டாட் காட்டன் என்று ஒரு மனுஷி. துணி வெளுக்கும் கடையில் வேலை, கையில் எப்போதும் சிகரெட், வாயில் எப்போதும் வேதவசனம். ஜூன் பிரவுன் என்ற நடிகை, இடையில் சில வருடம் போக, 2020 வரை அந்தப் பாத்திரத்தில் இருந்தார். தொடக்கத்தில் அவளை ஊர்வம்பு பேசுகிற பக்திக்காரியாகத்தான் காட்டினார்கள். நாள் போகப் போக அந்தத் தெருவில் மனச்சாட்சி உறுத்துகிறவர்கள் எல்லோரும் அவளிடம்தான் கதைக்க வந்தார்கள்.

அவளுடைய ஒரே மகன் நிக் பெரும் போக்கிரி. தாயின் பணத்துக்காக அவளுக்கே விஷம் வைக்கப் பார்த்தவன். அவன் திரும்பத் திரும்ப வருவான், திருந்திவிட்டேன் என்பான், அவள் கதவைத் திறப்பாள், அவன் மறுபடி ஏமாற்றுவான். எழுபது தரம் ஏழு தரம் மன்னி என்று இயேசு சொன்னது ஒரு தாய்க்கு என்ன விலை என்று நான் அந்தத் தொடரில் பார்த்தேன். 2015இல் அவன் போதைமருந்தால் சாகும்போது அவள் பக்கத்தில் இருக்கிறாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் கடவுளிடம் விட்டுவிடுகிறாள், அதற்காக நீதிமன்றமும் போகிறாள். அந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கதையை எழுதியவர்கள் அவளுடைய விசுவாசத்தை ஒரு மனுஷியின் உண்மையான நம்பிக்கையாகவே எடுத்து, அவளைத் தப்ப விடாமல் அதற்குள்ளேயே நிறுத்தினார்கள். 2008 ஜனவரியில் ஒரு முழு எபிசோட், அரை மணி நேரம், அவள் ஒருத்தி மட்டும் பேசுவாள். பக்கவாதம் வந்து படுத்த கணவனுக்காக ஒலிநாடாவில் பதிவு செய்கிறாள். வேறு நடிகரே இல்லை.

ஆகவே நீளமான தொடர் என்பதால் மன்னிப்புக்கு இடமில்லை என்று சொல்லாதீர்கள். முப்பது வருடம் ஓடிய கதையில் மன்னிப்புத்தான் கதையை ஓட்டியது.

ஹூஸ்டன் வாசி:

நல்ல உதாரணம். அமெரிக்காவில் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. ‘செவன்த் ஹெவன்’ என்று 1996 முதல் 2007 வரை ஒரு தொடர், ஏழு பிள்ளைகள் உள்ள போதகர் குடும்பம். எங்கள் சபையில் பல வீடுகள் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்தன, நாங்களும் பார்த்தோம். கெட்ட வார்த்தை இல்லை, பயமில்லாமல் உட்காரலாம். ஆனால் பெரும்பாலும் பிரச்சினை வரும், அப்பா நாலு வார்த்தை பேசுவார், ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அதைப் பார்த்து வளர்ந்த என் மகள் ஒருமுறை, "நம் வீட்டில் மட்டும் ஏன் அப்படி ஆவதில்லை" என்று கேட்டாள். பகை முடியாத வீடு எவ்வளவு பொய்யோ, அந்த வீடும் அவ்வளவு பொய்.

அதைவிட 1972இல் தொடங்கிய ‘வால்டன்ஸ்’ எனக்கு நெருக்கம். வர்ஜீனியா மலையில் 1930களின் பொருளாதார மந்த காலத்தில் ஒரு பெரிய குடும்பம். அம்மா பாப்டிஸ்ட், ஞாயிறு தவறாதவர். அப்பாவுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, சர்ச்சுக்குப் போவதில்லை. இதை ஒரு எபிசோடில் பேசித் தீர்த்துவிடவில்லை. ஒருவரை ஒருவர் மாற்ற முடியாமலும் விட்டுப்போகாமலும் வருடக்கணக்கில் அதே மேசையில் சாப்பிடுகிறார்கள். நம் வீடுகளில் பாதி அப்படித்தானே இருக்கின்றன?

வசன உதவி:

இந்த இழையை என் நண்பர் ஒருவர் அனுப்பினார். நான் கிறிஸ்தவன் இல்லை. சீரியல்களில் சில வருடம் வசன உதவியாளராக வேலை பார்த்தவன். உள்ளே எப்படி நடக்கிறது என்று சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

அரைமணி ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் கதை. கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். வியாழக்கிழமை ரேட்டிங் வரும். ரேட்டிங் ஏறின ட்ராக்கை, அதாவது கிளைக்கதையை, நீட்டுவோம், இறங்கின ட்ராக்கை முடிப்போம். எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பது பண்பாட்டுக்காக மட்டும் இல்லை. ஒரே வீட்டில் எடுத்தால் யூனிட் நகர வேண்டாம், செலவு மிச்சம்.

மன்னிப்பு வேண்டாம் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. என் அனுபவத்தில் மன்னிப்புக் காட்சி எழுதினால் ஜனங்கள் நன்றாகவே பார்ப்பார்கள், அழுவார்கள். சிக்கல் மறுநாள்தான். இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் நாளைக்கு என்ன எடுப்பது? புதுச் சண்டைக்குப் புது ஆர்ட்டிஸ்ட் வேண்டும், புது ட்ராக் நிற்க நாளாகும். இருக்கிற சண்டையை மறுபடி ஊதிவிடுவது சுலபம். அதனால் மன்னித்த வேகத்திலேயே ஒரு ஒட்டுக்கேட்பு, ஒரு பாதி கேட்ட ஃபோன் பேச்சு, பழையபடி பகை. இதை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது கஷ்டமாகத்தான் இருக்கும்.

நாசரேத் ஐயா சொன்ன அந்த 17 வருஷம் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. மன்னித்த பிறகு மன்னிக்கப்பட்டவனுக்கு நம்பிக்கை வராமல் இருப்பது. இது ஒரு ட்ராக். இதற்குப் புது வில்லி தேவையில்லை. எங்கள் டிஸ்கஷனில் யாருக்கும் இது தோன்றியதில்லை.

இன்னொன்று. கிறிஸ்தவக் குடும்பம் ஏன் கதைக்கு நடுவில் வருவதில்லை என்று யாராவது கேட்பீர்கள். நாங்கள் சடங்கை வைத்துக் காட்சி எழுதிப் பழகியவர்கள். தாலி, குங்குமம், விளக்கு, சீமந்தம். விளக்கு அணைந்தால் பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும், வசனமே வேண்டாம். உங்கள் வீடுகளில் அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று எது? சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றுவதைத் தவிர எங்களுக்கு எதுவும் தெரியாது. வெள்ளை அங்கி போட்ட ஃபாதர், அனாதை ஆசிரமம் நடத்தும் சிஸ்டர், அவ்வளவுதான் எங்கள் கையிருப்பு.

குமரி மல்லி:

தம்பி, தாலி எங்களுக்கும் உண்டு. சிலுவையோ புறாவோ பொறித்திருக்கும். கழற்றி வைத்தால் எங்கள் அம்மாக்களுக்கும் நெஞ்சு பதறும்.

சாலேம் வாசி:

எங்கள் சபையில் தாலி இல்லை, நகையே இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது நல்ல கேள்வி. யோசித்துப் பார்க்கிறேன்.

நாசரேத் வாசகன்:

வசனத் தம்பிக்கு என் பதில்: திருவிருந்து, அதாவது ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பெறுவது.

எங்கள் பக்கத்துக் கிராமச் சபைகளில் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு, பாகப்பிரிவினைத் தகராறு என்றால், திருவிருந்து ஆராதனையில் அது ஊருக்கே தெரிந்துவிடும். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று கர்த்தர் சொன்னதை எங்கள் பெரியவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். பகையோடு திருவிருந்துப் பந்திக்குப் போகக்கூடாது. வரிசை வரிசையாக எழுந்து போய் முழங்கால்படியிடும்போது ஒருவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருப்பவர் அவரைத் தாண்டிப் போக வேண்டும். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி பார்த்துக்கொண்டிருப்பாள், அவள் போகலாமா வேண்டாமா என்று அவளுக்கும் தெரியாது. திருவிருந்து பெறத் தகுதி தரும் திடப்படுத்தல் முடிந்து முதல்முறை பந்திக்குப் போகிற மகன் திரும்பி வந்து உட்காரும்போது, அப்பா ஏன் வரவில்லை என்ற கேள்வி அவன் முகத்திலேயே இருக்கும். இதற்கு வசனம் வேண்டுமா?

அப்புறம் குருவானவர் வருவார். ஒரு சாயங்காலம் அண்ணன் வீட்டில் காபி, மறுநாள் தம்பி வீட்டில் காபி. சில பகை அதோடு தீரும். சில பகை வருஷக்கணக்கில் தீராது, அந்த மனுஷன் அத்தனை வருஷமும் ஆராதனைக்கு வந்து, பாட்டுப் பாடி, காணிக்கை போட்டு, பந்திக்கு மட்டும் போகாமல் வீடு திரும்புவார். பொய்யாகப் போக அவருக்கு மனம் வராது. அதில் எனக்கு மரியாதை உண்டு.

முத்துக்குளித்துறை:

எங்கள் பூசையிலும் உண்டு. நற்கருணைக்கு முன் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். எல்லோரும் கைகூப்பிப் பக்கத்தில் திரும்புவோம். ஒருவர் இந்தப்பக்கம் திரும்பி, அந்தப்பக்கம் திரும்பாமல் நின்றால், அங்கே நிற்பது யார் என்று பார்த்தாலே கதை தெரிந்துவிடும்.

குமரி மல்லி:

இதை எடுத்தால் நானே பார்ப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மருமகளாக இருக்கட்டும். அவளுக்கு அநியாயம் செய்தவர்கள் எல்லோரும் எழுந்து பந்திக்குப் போகட்டும். குருவானவர் முதலில் போய்க் கதவைத் தட்டுவது அவள் வீட்டை இல்லை, மாமனார் வீட்டை என்று எழுதுங்கள். அந்தக் குருவானவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்றும் எழுதுங்கள். மாமனார் சபைக் கமிட்டியில் இருப்பார்.

ஹூஸ்டன் வாசி:

கட்டாயம் இருப்பார். ஆலயக் கட்டிட நிதிக்குப் பெருந்தொகை கொடுத்தவராகவும் இருப்பார்.

வசன உதவி:

அக்கா, அந்தக் குருவானவர் பாத்திரத்தை எழுத எனக்கு இப்போதே கை பரபரக்கிறது. சேனலில் எடுப்பார்களா தெரியாது. யூடியூபுக்குச் சின்னதாகவாவது செய்து பார்க்கலாம், தெரிந்த ஒளிப்பதிவாளர் ஒருவர் இருக்கிறார். நாசரேத் ஐயாவிடம் ஒரு சந்தேகம். திருவிருந்து ஒவ்வொரு ஞாயிறும் உண்டா? வாராவாரம் என்றால் அவள் வாராவாரம் உட்கார்ந்திருப்பதைக் காட்ட வேண்டும், பார்ப்பவருக்குச் சலித்துவிடும்.

நாசரேத் வாசகன்:

சபைக்குச் சபை மாறும் தம்பி. டவுன் ஆலயங்களில் அடிக்கடி இருக்கும். ஆனால் எங்கள் பக்கம் ஒரு சேகரத்துக்குள் பல கிராம ஆலயங்கள் வரும், எல்லாவற்றுக்கும் குருவானவர் ஒருவர்தான். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார், திருவிருந்து கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அதனால் சின்ன ஊர்களில் மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். குருவானவர் வருகிற ஞாயிறு எது என்று முந்தின வாரமே அறிவித்துவிடுவார்கள். அந்த அறிவிப்பிலிருந்து அந்த ஞாயிறு வரைக்கும் ஏழு நாள் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். உபதேசியாருக்கும் நல்ல பாத்திரம் கொடுங்கள், ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது முழுக்கத் தெரிந்தவர் அவர்தான்.